அழிந்த தெருவை வரைதல்: யப்பானியச் சித்திரப்படமும் சிக்கனத்தின் கலையும்

திரைப்படம் பணமுடையோரின் கலை என்னும் கருத்து ஈழத்துத் தமிழ்ச் சூழலில் நெடுங்காலமாக வழங்கி வருவதாகும். ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) முதலான முயற்சிகள் வலுவான தொடர்ச்சி பெறாது போனமைக்குக் காரணம் வினவுமிடத்து முதலிற் கிடைக்கும் விடை பணமின்மை என்பதே. இவ்விடை பொய்யன்று. ஆயின், அதனோடு ஆராய்ச்சி நின்றுவிடுவதனால் வேறொரு வினா எழாமலே போய்விடுகின்றது. கையிலுள்ள சிறு தொகையை எதிற் செலவிடுவது, எதனை விட்டுவிடுவது என்ற தெரிவில் ஒரு கலைஞனின் நோக்கு எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதே அவ்வினாவாகும். இதற்கு விடை தேடுவோர்க்குக் ‘கார்ட்டூன்’ என்று பொதுவாக அழைக்கப்படும் சித்திரப்படத் துறையில் யப்பானியர் பெற்ற அனுபவம் பெரிதும் பயன்படக்கூடியது. அவ்வனுபவத்தின் அண்மைக்கால விளைவுகளுள் ஒன்று, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்றதோர் ஊரைப் பற்றிச் சிந்திப்போர்க்கு நேரடியாகவே தொடர்புடையது என்பது பின்னர் விளக்கப்படும்.

யப்பானியச் சித்திரப்படம் பஞ்சத்திற் பிறந்தது எனலாம். அமெரிக்கக் கலைக்கூடங்கள் ஒளிபுகும் செலுலொயிட் தாள்களில் உருவங்களைத் தீட்டிப் படமெடுத்த காலத்தில், அத்தாள் யப்பானியக் கலைஞர் பலருக்கு எட்டாத விலையில் இருந்தது. எனவே அவர்கள் கடதாசியை வெட்டி உருவங்களை அமைத்தனர். இவ்வகையில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் ஒஃபுஜி நொபுரோ (1900-1961). பூவேலைப்பாடுடைய ‘சியொகமி’ என்னும் கைவினைத் தாளை வெட்டி அவர் 1926இல் பக்தாத் கோட்டைக் கள்வனின் கதையைப் படமாக்கினார். செலுலொயிட்டை வாங்க இயலாதவரின் மாற்றுவழி எனத் தோன்றிய அத்தாள், வேறெந்த நாட்டுச் சித்திரப்படத்திலும் காணவியலாத ஓர் அலங்காரத் தன்மையைத் திரைக்குக் கொண்டுவந்தது. தமது ‘திமிங்கிலம்’ என்னும் நிழலுருப் படத்தை 1952இல் நிறச் செலோபேன் தாள்களைக் கொண்டு மீண்டும் ஆக்கினார். 1953இல் அது கான் திரைப்பட விழாவிற் காட்டப்பெற்றது. விளக்கொளியில் தோலுருவை ஆட்டும் தோற்பாவைக் கூத்தினை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்நிழலுருக்கள் அந்நியமாகத் தோன்றா. ஒஃபுஜியின் மறைவுக்குப் பின் மைனிச்சித் திரைப்பட விருதுகளில் அவர் பெயராலேயே ஒரு பரிசு நிறுவப்பெற்று 1962 முதல் வழங்கப்பட்டு வருகின்றது.

இரண்டாவது விடையைத் தந்தவர் தெசுகா ஒசாமு. 1963 ஜனவரி 1இல் அவரது ‘தெத்சுவன் அத்தோமு’ தொலைக்காட்சியில் வாரந்தோறும் அரைமணி நேரத் தொடராகத் தொடங்கியது. திரைப்படச் சுருளில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. முழுமையான அசைவை வேண்டுவோர் செக்கனுக்குப் 12 முதல் 24 சித்திரங்கள் வரை வரைவர். தெசுகாவின் கூடமோ ஒரு சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, எட்டுச் சித்திரங்களுடனோ அதனினும் குறைவாகவோ காரியத்தை முடித்தது. பேசும்போது வாய் மாத்திரம் அசையும். ஓடும் கால்கள் வேறு கதையிலும் அதே கால்களாக ஓடும். அசையாச் சித்திரத்தின் மீது கமரா மெல்ல நகரும். ஒஃபுஜி பொருளை மாற்றினார். தெசுகா எண்ணிக்கையைக் குறைத்தார். இரண்டாவது வழியே தொழிற்றுறையாக வளர்ந்தது.

இவ்வழியின் கலைப் பேறுகளை மறுப்பதற்கில்லை. நிறுத்தப்பட்ட சித்திரத்தின் இறுக்கம், அசைவின்மையால் எழும் எதிர்பார்ப்பு என்பன யப்பானியச் சித்திரப்படத்தின் தனிமொழியாகவே உருப்பெற்றன. ஆனால் குறைந்த செலவினைக் கலைப்பண்பாக மட்டுமே போற்றும் விமர்சகர், அச்செலவு எங்ஙனம் குறைந்தது என்பதை எளிதில் மறந்துவிடுகின்றனர். தெசுகா தமது தொடரை ஆக்கச் செலவிலும் குறைந்த விலைக்கே விற்றார். எஞ்சிய தொகை பொம்மைகளினதும் இனிப்புப் பண்டங்களினதும் விற்பனை உரிமையால் ஈடுசெய்யப்பட்டது. இடைச்சித்திரம் வரைவோரின் கூலி நெடுங்காலம் தாழ்ந்தே கிடந்ததற்கு அன்று நிலைபெற்ற விலைமுறையும் ஒரு காரணமென்பது பலர் சுட்டிக்காட்டியதாகும். தெசுகாவின் நிறுவனமே 1973இல் முறிவடைந்தது. சிக்கனம் வேறு, பிறர் உழைப்பை மலிவாகப் பெறுதல் வேறு. முன்னதே கலைக்குரியது.

இப்பின்னணியிலேயே கதபுச்சி சுனாஓ இயக்கி 2016 நவம்பர் 12இல் வெளிவந்த ‘இவ்வுலகின் இந்த மூலையில்’ என்னும் படத்தை நோக்க வேண்டும். கோனோ ஃபுமியோ என்னும் பெண் ஓவியர் 2007 முதல் 2009 வரை எழுதி வரைந்த கதைச்சித்திரத் தொடரே அதன் மூலம். ஹிரோஷிமா நகரின் எபா என்னுங் கரையோரப் பகுதியிற் கடற்பாசி உலர்த்தும் குடும்பத்திற் பிறந்து, 1944இல் குரே என்னும் கடற்படைத் துறைமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டுச் செல்லும் சுசு என்ற இளம்பெண்ணின் கதை அது. சுசு கனவு காண்பவள், படம் வரைபவள். போர் அவள் அடுப்படிக்கு வருவதே கதையின் போக்கு.

போர்க்காலத்து இல்லத்தரசி ஒருத்தியின் அன்றாட வாழ்வைச் சொல்லும் கதைக்கு முதலிடுவோர் எளிதிற் கிடைக்கவில்லை. திட்டம் 2010இலேயே தொடங்கியிருந்தது. 2015இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி வேண்டப்பட்டது. இரண்டு கோடி யென் கேட்ட இடத்தில் 3,374 பேர் மூன்று கோடியே 91 இலட்சம் யென் அளவில் வழங்கினர். ஒரு முழுநீளப் படத்துக்கு இத்தொகை போதாது. எனினும் இப்படத்தைக் காணக் காத்திருப்போர் உளர் என்பதற்கு அது சான்றாகியது. அச்சான்றைக் காட்டியே ஏனைய முதல் திரட்டப்பட்டது. 63 அரங்குகளில் வெளியான படம் பின்னர் நானூறுக்கும் மேற்பட்ட அரங்குகளுக்குப் பரவியது. அவ்வாண்டுக்கான ஒஃபுஜி நொபுரோ பரிசு இப்படத்துக்கே கிடைத்தது. கடதாசி வெட்டியவரின் பெயர் கொண்ட பரிசு இதனைச் சேர்ந்தது மிகப் பொருத்தமே.

கதபுச்சி இச்சிறு முதலை எதிற் செலவிட்டார்? அவர் தம் காலத்தையும் பணத்தையும் முதலிற் செலவிட்டது பார்ப்பதிலும் கேட்பதிலுமாகும். தோக்கியோவிலிருந்து இரவுப் பேருந்தில் ஹிரோஷிமாவுக்கு மீண்டும் மீண்டும் சென்றார். அணுகுண்டினால் துடைத்தழிக்கப்பட்டு இன்று அமைதிப் பூங்காவாக உள்ள நகஜிமா என்னும் வணிகப் பகுதியின் தெருக்களைப் பழைய ஒளிப்படங்கள் கொண்டும், அங்கு வாழ்ந்து எஞ்சியோரின் நினைவுகள் கொண்டும் கடை கடையாக மீட்டெடுத்தார். ஒவ்வொரு நாளினதும் வானிலை, துறைமுகத்தினுள் போர்க்கப்பல்கள் வந்த நாட்கள், பங்கீட்டு அரிசியைப் பெருக்கிச் சமைத்த முறை ஆகிய யாவும் சரிபார்க்கப்பட்டன.

படத்தின் தொடக்கக் காட்சி இவ்வுழைப்பின் தன்மையை நன்கு புலப்படுத்தும். 1933 டிசெம்பரில் சிறுமி சுசு தன் வீட்டுக் கடற்பாசியைச் சுமந்து நகஜிமாவுக்கு வருகிறாள். களைப்பாறுவதற்காகத் தாய்ஷொயா என்னும் உடைக் கடையின் சுவரருகே சுமையை இறக்கிவைக்கிறாள். 1929இல் எழுந்த அக்கட்டடம் குண்டுவெடிப்புக்குத் தப்பி இன்று பூங்காவின் இளைப்பாறும் மண்டபமாக நிற்கின்றது. சிறுமி இளைப்பாறிய இடத்திலேயே இன்று சுற்றுலாப் பயணிகளும் இளைப்பாறுகின்றனர். படம் இதனைச் சொல்வதில்லை. அறிந்தோர் அறிக என்று விட்டுவிடுகின்றது. அத்தெருவின் முடிதிருத்தகமொன்றின் முன் சில கணங்கள் தோன்றும் குடும்பமும் கற்பனையன்று. உயிர்தப்பிய மகனொருவரின் நினைவிலிருந்து வரையப்பட்டது. நிழற்படக் கருவி ஒருகாலும் மீண்டும் பிடிக்கவியலாத ஒரு தெருவைப் பென்சில் பிடித்துவிடுகின்றது. நடிகரையும் காட்சிமாளிகையையும் கொண்டு இத்தெருவை எழுப்ப முயன்றிருப்பின் பெருமுதல் தேவைப்பட்டிருக்கும். அவ்வாறு எழுப்பினும் அது ஓர் அரங்கமைப்பாகவே நின்றிருக்கும்.

அசைவின் முறையிலும் இப்படம் தெசுகா வழிவந்த வழக்கத்திலிருந்து விலகுகின்றது. அவ்வழக்கம் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு விரைந்து தாவும். இடையில் சித்திரங்கள் சில. கதபுச்சியோ அசைவைச் சுருக்கி, நெருங்கிய இடைச்சித்திரங்களைச் செறித்தார். சுசு துணி தைக்கும்போதும் கஞ்சி கிண்டும்போதும் அவள் கை தயங்குவதும் திரும்புவதும் காண்போரின் உடலில் உணரப்படுகின்றன. குறைந்த முதலுடைய படமொன்று, செலவு மிகும் இந்த இடத்தில் மாத்திரம் கஞ்சத்தனம் காட்டவில்லை என்பது கவனத்திற்குரியது. வானூர்திகளின் போரை மிகையாகக் காட்டாமல், அடுப்படியில் நிற்கும் பெண்ணின் விரலசைவுக்குச் சித்திரங்களை ஒதுக்கியது ஒரு கலைத் தீர்ப்பாகும்.

இத்தீர்ப்பின் பயன் 1945 ஜூனில் வருங் காட்சியில் தெரிகின்றது. காலந்தாழ்த்தி வெடிக்கும் குண்டொன்றினால் சுசு தான் கைப்பிடித்துச் சென்ற சிறுமியை இழக்கிறாள். அச்சிறுமியைப் பிடித்திருந்த தன் வலக்கையையும் இழக்கிறாள். வரையும் கை அது. அவ்வேளை திரை கறுத்து, அதன்மீது வெறும் கீறல்களாகிய கோடுகள் துடிக்கின்றன. படத்தின் வேறெவ்விடத்தைக் காட்டிலும் எளிய பொருளால் ஆன காட்சி அது. படத்தின் உச்சமும் அதுவே. அதற்கு முன், குரே மீது நிகழும் முதல் வான்தாக்குதலில் வெடிக்கும் குண்டுகள் தூரிகையால் தெறித்த வண்ணங்களாகச் சுசுவுக்குத் தோன்றியிருந்தன. சிறு வயதில் கடலலைகளை வெண்முயல்களாக வரைந்தவள் அவள். உலகைச் சித்திரமாகக் கண்ட கண் இறுதியில் கீறலை மட்டும் காணும் நிலைக்கு வந்து சேர்கின்றது. இம்மாற்றத்தைச் சித்திரப்படமன்றி வேறொரு வடிவம் இத்துணை நேராகக் காட்டியிருக்க இயலாது.

குறைகள் இல்லாமலில்லை. கணவனுக்கு முன்னர் பழக்கமான ரின் என்னும் விலைமகளின் கதை, நீளமும் செலவுங் கருதிப் பெரிதும் வெட்டப்பட்டது. சுசுவின் மணவாழ்வில் உள்ள கசப்பு இதனால் மென்மைப்பட்டுவிட்டது. 2019இல் வெளியான நீண்ட வடிவம் இக்குறையை ஈடுசெய்தது. சுவாரசியமான செய்தி யாதெனில், 2016 வடிவத்திலேயே படம் முடிந்தபின் நிதி வழங்கியோரின் பெயர்கள் ஓடும்போது, அவற்றோடு ரின்னின் வாழ்க்கை உதட்டுச் சாயத்தால் தீட்டியவை போன்ற செந்நிறக் கோடுகளில் சிறு சித்திரங்களாகத் தோன்றுகின்றது. படத்தில் இடம் மறுக்கப்பட்டவளுக்குப் பட்டியலில் இடங் கொடுக்கப்பட்டது.

இதனினும் பாரதூரமான குறை வேறொன்று. யப்பான் சரணடைந்த செய்தியை வானொலியிற் கேட்ட சுசு வெகுண்டெழுந்து அழும் காட்சி மூலநூலிலும் உண்டு. நூலில், கொரியக் கொடியொன்று உயர்வதைக் கண்டு, தன் நாடு பிறரை வன்முறையால் அடக்கி வைத்திருந்தது என்பதை அவள் உணர்கின்றாள். படத்தில் அவ்வுணர்வு, கடலுக்கு அப்பாலிருந்து வந்த அரிசியாலும் சோயா அவரையாலும் ஆனவள் தான் என்ற கூற்றாக மாற்றப்பட்டுள்ளது. கொடி கணநேரம் தோன்றி மறைகின்றது. அடுப்படிப் பெண்ணின் அறிவுக்கு உணவின் வழியே உண்மை எட்டுவது இயல்பென்று இயக்குநர் தரப்பில் வாதிடலாம், அவ்வாதம் வலிமையற்றதுமன்று. ஆயினும், தன் மக்களின் இழப்பை ஒவ்வோர் ஓடாக, ஒவ்வொரு கதவாகச் சரிபார்த்து வரைந்த படம், தன் நாட்டினால் இழப்புற்றோரிடம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறது என்பதை மறைத்தற்கில்லை. நுணுக்கம் ஓரிடத்தில் மிகுந்து மற்றோரிடத்தில் குறையுமாயின், அக்குறைவுக்குப் பணத்தைக் காரணங் காட்ட முடியாது.

இவ்விடத்திலேதான் எருக்கலம்பிட்டி நினைவுக்கு வருகின்றது. மன்னார்த் தீவின் கரையிலுள்ள இம்முஸ்லிம் ஊர் 1990 ஒக்டோபர் இறுதியில் வெறிச்சோடியது. வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். எருக்கலம்பிட்டி மக்களிற் பலர் புத்தளம் மாவட்டத்தின் நாகவில்லுவில் குடியேறி, அங்கும் தம் ஊர்ப்பெயரையே வழங்கலாயினர். 2009க்குப் பின்னர் ஒருபகுதியினர் மீண்டனர். ஆனால் மீண்டது 1990இல் விட்டுச்சென்ற ஊருக்கன்று. இடிந்த வீடும் பற்றை மூடிய வளவும் இருந்த இடத்தில் புதிய வீடுகள் எழுந்தாலும், வெளியேற்றத்துக்கு முந்திய நாளின் ஊர் இன்று நினைவில் மட்டுமே உள்ளது. நகஜிமாவுக்கும் எருக்கலம்பிட்டிக்கும் நேர்ந்தவை ஒன்றல்ல. அழிவின் வகையும் அளவும் வேறு. எனினும் கலைஞனின் முன்னுள்ள பிரச்சினை ஒன்றே: கமராவை நிறுத்துதற்கு இடமில்லை, சொல்வோர் இருக்கின்றனர்.

இத்தகைய பணிக்கு ஈழத்தில் முன்மாதிரி இல்லையெனக் கூறுதலும் தவறாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் நூல், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்தவற்றை மூலமாகக் கொண்டது. வரையத் தெரியாத கைகள் வரைந்த கோடுகளின் அருகே கட்டடக்கலைஞரின் அளவான வரைபடமும் ஓவியரின் சித்திரமும் வைக்கப்பட்டுள்ளன. கடதாசியும் பென்சிலும் பொறுமையுமே அப்பணியின் மூலதனம். கதபுச்சி பல ஆண்டுகளிற் செய்த விசாரணையின் முதற்படி இதுவே. அத்தரைப்படங்களில் இன்னும் மனிதர் நடமாடவில்லை, அவ்வளவே வேறுபாடு.

அவற்றில் மனிதரை நடமாடவிட முயலும் கலைஞர் குழுவொன்று எருக்கலம்பிட்டிக்கும் நாகவில்லுக்கும் செல்லுமாயின் அது கேட்க வேண்டிய வினாக்கள் மிகச் சாதாரணமானவையாகவே இருக்கும். பள்ளிவாசலிலிருந்து கரைக்குப் போகும் வழியில் முதலாவது கடை எவருடையது? வேலி கிடுகா, பனையோலையா? கிணற்றில் துலாவா, கப்பியா? அந்த ஒக்டோபரின் இறுதி நாட்களில் வாடை எழுந்துவிட்டதா, கடல் எவ்வாறிருந்தது? அடுப்பில் என்ன இருந்தது? பெண்கள் எதை எடுத்துச் சென்றனர், எதைக் கிணற்றருகே புதைத்தனர்? ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். கதபுச்சியின் அனுபவமும் அதுவே. மறுப்புகளை ஒப்புநோக்கும்போதே தெரு உருப்பெறும். இவ்வினாக்களுக்கு விடை காணப் பெருமுதல் தேவையில்லை. இரவுப் பேருந்துக்கான கட்டணம் தேவை. அதன்பின் வரைவோரின் கூலியை உரியவாறு கொடுப்பதற்கான பணம் தேவை. யப்பானியத் தொழிற்றுறை தவறிய இவ்விடத்தில் வேறு எவரும் தவற வேண்டியதில்லை.

இங்கு தமிழ் வாசகர் எதிர்கொள்ள வேண்டிய சங்கடம் ஒன்றுண்டு. வடபுலத்துப் போர் இலக்கியத்தில் தமிழரின் இடப்பெயர்வு மிகச் செறிவாகப் பதிவாகியுள்ளது. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோரின் சுமையும் செருப்பும் பாதையோரத் தாகமும்கூட எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்தின் நுணுக்கத்தை எவரும் குறைகூற முடியாது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் அதே மொழியைப் பேசும் அயலவர் வெளியேற்றப்பட்டபோது கண்டிக்கும் குரல்கள் தமிழரிடையேயும் எழுந்தன. ஆனால் அவை சில. தமிழர் படைப்புகளில் அந்நிகழ்வு பெற்ற இடமும் நெடுங்காலம் சிறிதாகவே இருந்தது. சுசுவின் கதையில் கணநேரம் உயரும் கொடியின் அளவே அது. எனவே எருக்கலம்பிட்டித் தெருவைத் தமிழர் ஒருவர் வரைய முற்படின், தாம் வரைவது தம் சொந்த இழப்பையன்று என்பதை அவர் முதற்கோட்டிலேயே அறிந்திருத்தல் வேண்டும். அந்த ஊரவர் ஒருவரே வரைவாராயின் இச்சங்கடம் அவருக்கில்லை; காண்போரிடம் அது இருக்கும்.

கதபுச்சி விசாரித்த நகஜிமா வாசிகளுட் பெரும்பாலோர் எண்பது வயதை எட்டியவர்களாகவோ கடந்தவர்களாகவோ இருந்தனர். படத்தைக் காணும்வரை இருக்கக் கொடுத்துவைக்காதோரும் அவர்களிடையே உளர். எருக்கலம்பிட்டியின் பழைய தெருக்களை வளர்ந்தோராக அறிந்தவர்களுள், 1990இல் இருபது வயதாயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர்; அன்று ஐம்பதாயிருந்தோர் எண்பதைக் கடந்துவிட்டனர். நாகவில்லுவிற் பிறந்த பிள்ளைகள் அவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்குமிடத்து, முதியோர் குச்சியொன்றை எடுத்து மணலிற் கோடு கீறியே வழியைச் சொல்லத் தொடங்குவர்.